கொலுசுகட்டு: கமிஷன் வந்த கதை

ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், எழுத்துக்கூட்டித் தெலுங்கு படிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். பேப்பரில் அடிக்கடி ஒரு சொல் கண்ணில் பட்டது: 'கொலுசுகட்டு மோசம்'. மோசம் புரிகிறது. காலில் போடுகிற கொலுசில் என்ன மோசடி, வெள்ளியில் கலப்படமா? அப்புறம் பக்கத்து சீட்டுக்காரர் விளக்கினார். தெலுங்கில் கொலுசு என்றால் சங்கிலி. ஒருவர் இருவரைச் சேர்க்க, அந்த இருவர் நால்வரைச் சேர்க்க, நால்வர் எட்டுப் பேரைச் சேர்க்க, இப்படி நீளுகிற வியாபாரத்துக்கு ஆந்திரப் பத்திரிகைகள் வைத்திருக்கும் பெயர்தான் கொலுசுகட்டு.

எம்.எல்.எம்., நெட்வொர்க் மார்க்கெட்டிங், ரெஃபரல் பிளான், அஃபிலியேட் புரோகிராம் என்று பெயர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. எல்லாம் ஒன்றல்ல. சிலது நேர்மையான தொழில், சிலது பச்சை மோசடி, சிலது நடுவில் நிற்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க இந்த நாட்டுச் சட்டம் ஏறத்தாழ ஐம்பது வருடமாகப் போராடுகிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நாம் பிழைக்க வந்த இந்த ஊரிலேயே எழுதப்பட்டது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன். நான் காமர்ஸ் படித்தவன், வக்கீல் இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவன் கண்ணோட்டம் இது.

தரகு தப்பில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கமிஷன் வாங்குவது பாவமில்லை. நம்மூர் மாட்டுச் சந்தையில் தரகர் இல்லாமல் வியாபாரம் நடக்காது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலைதான் துண்டுக்குள் இருக்கும். அவர் தரகர் என்பது சந்தைக்கே தெரியும். அவர் 'இது நல்ல மாடு' என்றால், 'தரகர் சொல்கிறார்' என்று ஒரு கழிவு போட்டுக்கொண்டுதான் கேட்போம்.

சார்மினார் பக்கம் முத்து வாங்கப் போகும்போது, ஆட்டோக்காரர் 'நல்ல கடை ஒன்று இருக்கிறது சார்' என்றால் அவருக்கு அங்கே ஏதோ கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். கடைக்கு ஆள் வந்தது, ஆட்டோக்காரருக்குக் காசு வந்தது, நமக்கு முத்து வந்தது. இதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். 1996-இல் அமேசான் தன் இணைப்பாளர் திட்டத்தைத் தொடங்கியபோது செய்ததும் இதையேதான். என் பக்கத்திலிருந்து நீ போய்ப் புத்தகம் வாங்கினால் எனக்கு ஒரு பங்கு.

இதில் எங்கே கெட்டுப்போகும்? இரண்டு இடத்தில். ஒன்று, பொருள் விற்றதற்குக் கொடுக்க வேண்டிய கமிஷனை ஆள் சேர்த்ததற்குக் கொடுக்க ஆரம்பித்தால். இரண்டு, தரகர் தான் தரகர் என்பதை மறைத்தால். மீதிக் கதை முழுக்க இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

1978 சட்டம்

எழுபதுகளில் நாடு முழுக்க 'பரிசுச் சீட்டு' கொடிகட்டிப் பறந்தது. மாதாமாதம் பணம் கட்டுவார்கள், குலுக்கலில் பெயர் விழுந்தவர் பரிசோடு போய்விடுவார், அப்புறம் அவர் கட்ட வேண்டாம். விழாதவர்கள் கடைசிவரை கட்டிவிட்டு, போட்டதை மட்டும் (கிடைத்தால்) வாங்கிக்கொள்வார்கள். இடைப்பட்ட வட்டி முழுவதும் நடத்துகிறவருக்கு. நாம் வழக்கமாகப் போடும் ஏலச்சீட்டு வேறு. அதற்கு 1982-இல் தனிச் சட்டமே வந்தது.

1974-இல் ரிசர்வ் வங்கி ஜேம்ஸ் எஸ். ராஜ் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அமைத்தது. அது 1975-இல் அறிக்கை கொடுத்தது. இந்தப் பரிசுச் சீட்டுகளால் லாபம் நடத்துகிறவருக்குத்தான், இவற்றைத் தடை செய்யுங்கள் என்பது அதன் சாரம். 1978 டிசம்பரில் 'பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம்' வந்தது.

இந்தச் சட்டத்தில் 'பணச் சுழற்சித் திட்டம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், உறுப்பினர்களைச் சேர்ப்பதைப் பொறுத்துப் பணம் கிடைக்கும் என்று வாக்களித்து நடக்கிற, சுலபமாகச் சீக்கிரம் சம்பாதிக்கிற திட்டம். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இந்தச் சட்டப்படி அப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது மட்டும் குற்றமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதும் குற்றம். மூன்று வருடம் வரை சிறை உண்டு. 'நான் சும்மா சேர்ந்தேன் சார், என்னை மச்சான் சேர்த்துவிட்டான்' என்பதெல்லாம் செல்லுபடியாகாது.

ஆனால் சட்டம் வந்ததும் எல்லாம் அடங்கிவிடவில்லை. கல்கத்தாவில் சஞ்சயிதா என்ற நிறுவனம் வருடத்துக்கு 48 சதவீதம் வரை வட்டி கொடுத்தது. காகிதத்தில் 12 சதவீதம், மீதி கைக்குக் கை. மேற்கு வங்க அரசு இந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு இந்தச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. அதிக வட்டி கொடுப்பது மட்டும் 'பணச் சுழற்சி' ஆகிவிடாது, ஆள் சேர்ப்பது மாதிரி ஏதோ ஒன்றைப் பொறுத்துப் பணம் வருகிற ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சட்டத்தின் கோடு எங்கே ஓடுகிறது என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது. அந்தக் கோட்டை உரசிப் பார்க்கிற இடமாக ஹைதராபாத் ஆனது.

ஹைதராபாத் அத்தியாயம்

ஆம்வே 1959-இல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. அங்கேயும் 'இது பிரமிடா, வியாபாரமா' என்ற கேள்வி எழுந்தது. 1979-இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் அதைப் பிரமிடு இல்லை என்று முடிவு செய்தது. வாங்கிய சரக்கில் பெரும்பங்கை விற்றாக வேண்டும், நிஜமான வாடிக்கையாளர்களுக்கு விற்க வேண்டும், விற்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அது வைத்திருந்த விதிகளைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. 1998-இல் ஆம்வே இந்தியாவில் வியாபாரத்தைத் தொடங்கியது.

2006-இல் ஆந்திர சி.ஐ.டி. போலீசார் 1978 சட்டத்தின்கீழ் அதன்மேல் வழக்குப் பதிந்து அலுவலகங்களைச் சோதனை போட்டார்கள். எங்கள் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. 2007 ஜூலையில், தலைமை நீதிபதி ஜி.எஸ். சிங்வி, நீதிபதி சி.வி. நாகார்ஜுன ரெட்டி அமர்வு அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. பொருள் நல்லதா கெட்டதா என்பதல்ல இந்தச் சட்டத்தின் கேள்வி. உனக்குக் கீழே ஆள் சேரச் சேர உனக்குப் பணம் வருகிறதா என்பதுதான் கேள்வி. 'சோப்பு விற்கிறோமே, எங்கள் கையில் பொருள் இருக்கிறதே' என்ற பதில் மட்டும் போதாது என்று நாட்டுக்குச் சொன்ன முக்கியமான தீர்ப்பு அது.

கதை அங்கே முடியவில்லை. 2014 மே மாதம், மாநிலம் பிரிவதற்குச் சில நாட்கள் முன்பு, ஆந்திர போலீசார் ஆம்வே இந்தியாவின் தலைவர் வில்லியம் பிங்க்னியைக் கைது செய்தார்கள். 2016 செப்டம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது: சேருவதற்குக் கட்டணம் கூடாது, ஆள் சேர்த்ததற்காகச் சன்மானம் கூடாது, விற்காத சரக்கைத் திரும்ப வாங்க வேண்டும். 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது விதிகளாகவே வந்தது. ஆக, நேரடி விற்பனை என்பது இன்று சட்டம் ஒப்புக்கொண்ட தொழில், பிரமிடு தடை செய்யப்பட்ட குற்றம். 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை ஆம்வேயின் 757 கோடி ரூபாய்ச் சொத்தை முடக்கியது. 2023 நவம்பரில் இதே ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றத்தில் குற்றப் புகார் தாக்கல் செய்தது. சட்டப்படியே தொழில் செய்வதாகக் கம்பெனி சொல்லிவருகிறது. யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் சொல்லும்.

ஒரு சின்னக் கணக்கு

கம்பெனிப் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கு மட்டும் பார்ப்போம். ஒருவர் இருவரைச் சேர்க்கிறார், ஒவ்வொருவரும் இருவரைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21-வது வரிசையில் 10,48,576 பேர் இருப்பார்கள். மேலிருந்து கீழ்வரை மொத்தம் 20,97,151 பேர். அதாவது கடைசி வரிசையில் மட்டும் பாதிப் பேர். அவர்கள் ஒருவரையும் சேர்த்திருக்க மாட்டார்கள். கடைசி இரண்டு வரிசையைச் சேர்த்தால் முக்கால்வாசிப் பேர்.

இது எந்த வரிசையில் நிறுத்தினாலும் மாறாது. எப்போது பார்த்தாலும் பாதிப் பேர் அடிவரிசையில் நிற்பார்கள். இன்னும் இரண்டே வரிசை இறங்கினால் மொத்தம் 83 லட்சத்தைத் தாண்டிவிடும். 2011 கணக்கெடுப்பில் ஹைதராபாத் மாநகராட்சியின் மக்கள்தொகையே 70 லட்சத்துக்குக் கீழேதான். கைக்குழந்தைகளைச் சேர்த்தாலும் ஆள் போதாது! 'உழைத்தால் எல்லோரும் மேலே வரலாம்' என்று ஹோட்டல் ஹாலில் கோட்டு போட்டுக்கொண்டு சொல்வார்கள். எல்லோரும் மேலே வர முடியாது என்பது உழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, இரண்டாம் வாய்ப்பாடு.

ஏன் நம்மைத் தேடி வருகிறார்கள்?

2019 இந்த ஊரில் மறக்க முடியாத வருடம். மார்ச் மாதம் சைபராபாத் போலீசார் நொய்டாவைச் சேர்ந்த ஈபிஸ் என்ற கம்பெனியின் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தார்கள். கணினிப் பாடம் என்ற பெயரில் ஆளுக்குச் சுமார் 17,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கல்லூரி மாணவர்களை வைத்தே மாணவர்களைச் சேர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நாடு முழுக்க 7 லட்சம் பேர், 1,000 கோடி ரூபாய் என்று போலீஸ் அப்போது கணக்குச் சொன்னது. அதே ஆகஸ்டில் க்யூநெட் வழக்குகள். டஜன் கணக்கில் கைது. விளம்பரத்திலும் விழாவிலும் முகம் காட்டியதாக ஷாருக் கான் உட்பட சினிமாக்காரர்களுக்கு நோட்டீஸ். தாங்கள் முறையான நேரடி விற்பனைக் கம்பெனி என்பது க்யூநெட்டின் வாதம்.

மாதாப்பூர், கச்சிபௌலி பக்கம் ஏன் இது இவ்வளவு வேகமாகப் பரவியது? அங்கே இருப்பவர்கள் நம்மைப் போல வெளியூர்க்காரர்கள். கையில் சம்பளம் இருக்கிறது, ஈ.எம்.ஐ. இருக்கிறது, ஆனால் 'இது வேண்டாம்டா' என்று சொல்லப் பெரியப்பா பக்கத்தில் இல்லை. ஊரில் நம்மைச் சுற்றி நூறு குடும்பம். இங்கே பத்து. மாரேட்பள்ளியில் நாலு வீடு, பத்மாராவ் நகரில் மூன்று வீடு, ஸ்கந்தகிரி கோயிலில் பார்க்கிற இரண்டு குடும்பம், ஆபீசில் ஒரு தமிழர். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் அவர்கள்தான். குழந்தையை விட்டுவிட்டுப் போகக்கூடிய வீடும் அதுதான்.

அந்தப் பத்து வீட்டில் ஒருவர் போன் செய்கிறார். "சார், ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வரட்டுமா, ஒரு நல்ல விஷயம் பேசணும்." மாட்டுத் தரகரிடம் போடுகிற கழிவை இவரிடம் எப்படிப் போடுவது? தமிழ் பேசுகிறார், நம் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர். சங்கிலிக்காரர்களுக்குத் தேவைப்படுவது நம் பத்தாயிரம் ரூபாய் மட்டுமல்ல. அந்தப் பத்து வீட்டுக் கதவும் நமக்குத் திறக்கும் என்பதுதான் அவர்களுடைய மூலதனம். அதைச் சம்பாதிக்க அவர்கள் ஒரு பைசா செலவழிக்கவில்லை. நாம் பல வருடமாகச் சேர்த்தது.

கவுண்டரில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறேன். முதிர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது டெபாசிட்டை உடைக்க வருவார்கள். காரணம் கேட்டால் 'பிசினஸ்' என்பார்கள். என்ன பிசினஸ் என்று கேட்டால் கூட வந்தவர் பதில் சொல்வார். பதிலைப் பணத்துக்குச் சொந்தக்காரர் சொல்லாமல் கூட வந்தவர் சொன்னால், நான் கவுண்டரை விட்டு எழுந்து சொந்தக்காரரைத் தனியே ஒரு நிமிஷம் அழைத்துப் பேசுவது வழக்கம். சிலர் கேட்பார்கள். சிலர் முறைத்துவிட்டுப் போவார்கள்.

திரைக்குள் வந்த தரகர்

இப்போது ஹோட்டல் ஹால் போய் செல்போன் வந்துவிட்டது. 2011-இல் ஸ்பீக் ஏஷியா என்று ஒன்று ஓடியது நினைவிருக்கும். 11,000 ரூபாய் சந்தா கட்டி, கணினியில் சர்வே நிரப்பினால் சம்பளம். 2024 ஜனவரியில் கோவை நீலம்பூரில் மைவி3 ஆட்ஸ் என்ற விளம்பரம் பார்க்கிற ஆப்புக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் விசாரிக்கக் கூடாது என்று, பணம் கட்டியவர்களே வந்து நின்றார்கள்! எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தனக்குக் கீழே சொந்தக்காரர்களைச் சேர்த்தவருக்கு, கம்பெனி விழுந்தால் பணம் மட்டுமா போகும்?

இணையத்தில் தரகர் கடைக்காரரையே ஏமாற்றியதும் உண்டு. அமெரிக்காவில் ஈபே கம்பெனியின் பெரிய இணைப்பாளர்கள் இருவர், ஷான் ஹோகன், பிரையன் டன்னிங், இந்த வழக்கில் 2014-இல் சிறை போனார்கள். ஒருவருக்கு 5 மாதம், இன்னொருவருக்கு 15 மாதம். செய்தது என்ன? தங்கள் பக்கத்தைப் பார்த்தவர்களின் கணினியில், அவர்கள் எதையும் சொடுக்காமலே, 'இவரை நான்தான் அனுப்பினேன்' என்ற அடையாளத்தை ரகசியமாகப் பதித்துவிட்டார்கள். முத்துக் கடை வாசலில் நின்றுகொண்டு, தானாக உள்ளே போகிறவர் சட்டைப் பையில் எல்லாம் தன் சீட்டைச் செருகிவிட்டு, பிறகு கமிஷன் கேட்கிற ஆட்டோக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் மறுபடி ஹைதராபாத். சூதாட்ட ஆப்களை விளம்பரம் செய்ததாக யூடியூப் பிரபலங்கள்மீதும், பிறகு ராணா, விஜய் தேவரகொண்டா, பிரகாஷ் ராஜ் உள்ளிட்ட நடிகர்கள்மீதும் பஞ்சகுட்டா, மியாப்பூர் காவல் நிலையங்களில் வழக்குப் பதிவானது. தான் 2016-இல் அப்படி ஒரு விளம்பரத்தில் நடித்ததாகவும், தப்பு என்று தெரிந்து அதோடு விட்டுவிட்டதாகவும் பிரகாஷ் ராஜ் சொன்னார். தெலங்கானாவில் இணையச் சூதாட்டம் 2017 முதலே தடை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. விளம்பரம் செய்தாலே இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு (கமிஷன் எதற்கு?) சட்டம் 1978-லேயே பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு (தரகர் என்று சொன்னாயா?) வருவதற்கு வெகுகாலம் பிடித்தது. மியூச்சுவல் ஃபண்டில் நம் தலையில் கட்டிய நுழைவுக் கட்டணத்தை செபி 2009-இல் ஒழித்தது. முகவருக்குப் போன கமிஷனை நம் கணக்கு அறிக்கையிலேயே ரூபாயில் காட்டச் சொன்னது 2016-இல். விளம்பரத் தர மன்றம் 2021-இல், மத்திய நுகர்வோர் துறை 2023-இல், 'காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதைப் பார்க்கிறவருக்குத் தெரியும்படி சொல்' என்று சமூக வலைதளப் பிரபலங்களுக்கு நெறிமுறை வகுத்தன. 2021 நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரவே கூடாது. தீபாவளிக்கு வரும் சகலையிடம் அட்டை கேட்டுப் பாருங்கள்!

யாராவது வந்தால் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான். நான் சேர்ந்தால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? இந்தப் பொருளை, ஆள் சேர்க்கிற வாய்ப்பே இல்லாவிட்டாலும், இந்த விலைக்கு வாங்குவீர்களா? இதுவரை உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு, போட்டது எவ்வளவு, பாஸ்புக்கில் காட்ட முடியுமா? மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர் நல்ல தரகர், தாராளமாக வியாபாரம் செய்யுங்கள். நீங்களே ஒரு பொருளைப் பரிந்துரைத்துக் காசு வாங்குகிறீர்களா? அதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குகிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் புகார் செய்யலாம். இணையத்தில் பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வழக்கு. கோல்டு க்வெஸ்ட் என்ற தங்க நாணயக் கம்பெனிமேல் 2003-இல் சென்னையில் புகார் பதிவானது. பதினொரு வருடம் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்களோடு கம்பெனி கணக்கைத் தீர்த்துக்கொண்டுவிட்டது என்பதுதான் காரணம். காமர்ஸ் படித்தவனுக்கு இது திருப்தியான முடிவு. பற்று வரவு நேராகிவிட்டது. ஆனால் அந்த நாணயத்தை அக்கா தங்கைக்கும், தங்கை பக்கத்து வீட்டுக்கும் கட்டிவிட்ட வீடுகளில் என்ன ஆனது என்று எந்தத் தீர்ப்பிலும் இருக்காது. அந்தக் கணக்கை எழுத எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது.